ஈஸ்வரியின் இரண்டு சீட்டு வண்டி

ராஜபாளையத்தில் கார் ஓட்டத் தெரிந்த பெண்களில் பாதிப் பேராவது ஈஸ்வரியிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு சின்ன அறை, கீழே 'எல்' போர்டு மாட்டிய இரண்டு சின்னக் கார்கள், அவ்வளவுதான் அவளுடைய டிரைவிங் ஸ்கூல். டீச்சர்கள், நர்ஸுகள், மில் ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள், வெளிநாட்டு மகன் கார் வாங்கி வாசலில் நிறுத்திவிட்டுப் போன அம்மாமார்கள் என்று காலையும் சாயங்காலமும் ஆள் வந்துகொண்டே இருக்கும். ஈஸ்வரி இடது பக்கம் உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. "கிளட்ச்ச மெதுவா விடு", "என்னயப் பாக்காத, ரோட்டப் பாரு", "ஆடு வருதுல்ல, ஆடு." இதையெல்லாம் அவள் தூக்கத்திலும் சொல்கிறாள் என்பார் அவள் புருஷன் முத்துப்பாண்டி.

ஈஸ்வரிக்குப் பிறந்த ஊர் தேவதானம். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். பட்டாளத்து மாப்பிள்ளை என்று ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகத்தில் கட்டிக்கொடுத்தார்கள். முத்துப்பாண்டி ராணுவத்தில் லாரி டிரைவர். கல்யாணமான புதிதில் அவருக்கு லடாக்கில் வேலை. அந்த நாளில்தான் ஒரு மத்தியானம் மாமனாருக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. முத்துப்பாண்டி லீவில் வந்தபோது வாங்கிப் போட்ட பழைய கார் வாசலிலேயே நிற்கிறது, ஓட்டத்தான் ஆள் இல்லை. தெருத் தெருவாக ஆள் தேடி, கடைசியில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. மாமனார் பிழைத்தார். பேச்சு மட்டும் கடைசிவரை திரும்பவில்லை. அந்தக் கோபத்தோடு அடுத்த வாரமே ஈஸ்வரி ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு டிரைவிங் ஸ்கூல் வாசலில் நின்றாள். லைசென்ஸ் எடுத்தாள். பொம்பளையாட்களுக்குச் சொல்லித்தர அங்கேயே வேலைக்கும் சேர்ந்தாள். முதலாளிக்கு வயதாகி ஸ்கூலைக் கைமாற்ற நினைத்தபோது அவளே எடுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் இருபது வருஷம் இடது பக்க சீட்டுத்தான். முதல் கியர், இரண்டாவது கியர், வாரத்துக்கு ஒரு முறை தைரியமான ஒருத்தி வந்தால் மூன்றாவது. ஒவ்வொருத்தியும் நன்றாக ஓட்டப் பழகியதும் போய்விடுவாள். மறுநாள் கிளட்ச்சை எந்தக் காலால் மிதிப்பது என்று தெரியாத இன்னொருத்தி வந்து உட்காருவாள். ஈஸ்வரிக்கு இது சலித்துவிட்டது என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கே அந்த மஞ்சள் காரைப் பார்க்கிறவரை தெரியாது.

இருபதாவது வருஷம் வெங்கடேஸ்வரி என்று ஒரு அம்மா கூப்பிட்டனுப்பினார்கள். மில்காரர் வீட்டம்மா, அறுபது தாண்டியவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். கார் ஓட்டிப் பழக வேண்டும், ஆனால் ரோட்டுக்கு வரக் கூச்சமாக இருக்கிறது, வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளேயே சொல்லித்தர முடியுமா என்று கேட்டார்கள். காம்பவுண்டு அவ்வளவு பெரியது. அதன் மூலையில் ஒரு ஷெட்டும், ஷெட்டுக்குள் தார்ப்பாய் போட்டு மூடிய ஏதோ ஒன்றும், அதன் மேல் ஒரு மயிலும் இருந்தன. ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் அந்த அம்மா அந்த ஷெட்டை நோக்கியே வந்தார்கள்.

"அதுல என்னம்மா நிக்குது?" என்று பிரேக்கை மிதித்துக்கொண்டே கேட்டாள் ஈஸ்வரி.

"என் மவன் வாங்கினது. பெங்களூர்ல யாரோ ஓட்டின பழைய வண்டி. ஒரு வருசம் ஓட்டுனான். பொறவு வெளிநாடு போயிட்டான். மயில் ஏறி அசிங்கம் பண்ணுறது. வித்துரும்மான்னு சொல்லிட்டான், யாரு வாங்குவா?"

தார்ப்பாயை விலக்கியபோது மஞ்சள் நிறத்தில் ஒரு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. வயது இருபதை நெருங்குகிறது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு. வீட்டு டிரைவர் வேறொரு வண்டியின் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து, பெட்ரோல் மாற்றி, அரை நாள் போராடி அதை உயிர்ப்பித்தார். "ஓட்டிப் பாக்கியா?" என்றார் அந்த அம்மா, சும்மா ஒரு மரியாதைக்கு.

உள்ளே உட்கார்ந்தது தரையில் பாய் விரித்து உட்கார்ந்தது போல இருந்தது. சாவியைத் திருப்பினால் சத்தம் முன்னாலிருந்து வராமல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஈஸ்வரி அதை அய்யனார் கோயில் போகிற ரோட்டில் மாந்தோப்புகளுக்கு நடுவே ஓட்டிப் போனாள். இரண்டாவது கியர், மூன்றாவது கியர், ஆள் நடமாட்டமில்லாத ஒரு நேரான இடத்தில் நாலாவது கியர். வளைவில் வண்டி சாயவே இல்லை. நினைத்த இடத்துக்குச் சக்கரம் போனது, நினைத்த இடத்தில் நின்றது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. வனத்துறை செக்போஸ்ட் பக்கம் நிறுத்தியபோதுதான் தான் சிரித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. செக்போஸ்ட்காரர் வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"மைலேஜ் எம்புட்டுக் குடுக்கும்?" என்றார்.

இந்தக் கேள்வியை இனிமேல் எத்தனை வாயிலிருந்து கேட்கப் போகிறோம் என்று அப்போது அவளுக்குத் தெரிந்திருந்தால், சாவியைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போயிருப்பாள். திரும்பி வந்து, "நானே எடுத்துக்கிடுதேன்மா" என்றாள்.

வெங்கடேஸ்வரி அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். "எந்துக்கும்மா உனக்கு இது? எந்துக்கு?" என்று இரண்டு தரம் கேட்டார்கள். பேசி முடித்த விலையை ஈஸ்வரி இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாவது பயிற்சிக் கார் வாங்கச் சேர்த்து வைத்திருந்தது அது என்பது மட்டும் முத்துப்பாண்டிக்குத் தெரியும்.

முத்துப்பாண்டி பென்ஷன் வாங்கிக்கொண்டு வத்திராயிருப்பில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் தோப்பிலிருந்து வந்தவர் வாசலில் நின்றதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரெண்டு சீட்டா?"

"ஆமா."

"டிக்கி எங்க?"

"முன்னாடி."

"இஞ்சின்?"

"பின்னாடி."

"தேங்காய எதுல ஏத்த?"

"இது தேங்கா ஏத்துத வண்டி இல்லங்க."

"அப்ப எதுக்கு உள்ள வண்டி?"

"வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்று கதவைத் திறந்தாள். அவர் சீட்டையும் தரையையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, "எனக்கு வேண்டாம்" என்று செருப்பைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அதன் பிறகு எத்தனை தரம் கூப்பிட்டாலும் அதே பதில்தான். விசேஷ வீடுகளுக்கு அவர் டி.வி.எஸ். மொபெட்டில் முன்னால் போவார், ஈஸ்வரி பின்னால் தனியாக மஞ்சள் காரில் போவாள். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று ஊர் பேசிக்கொண்டது.

வண்டி வந்த முதல் வாரத்திலேயே ஊரில் உள்ள வேகத்தடைகள் எல்லாம் அவளுக்கு எதிரியாகிவிட்டன. அவள் தெருமுனையில் உள்ளதைத் தெருக்காரர்களே சேர்ந்து சிமெண்டில் கட்டியிருந்தார்கள், கோயில் படி உயரத்துக்கு. நேராக ஏறினால் வண்டியின் வயிறு உட்கார்ந்துவிடும். கோணலாக ஏறினால் ஒரு சக்கரம் ஏறும், அடுத்தது ஏறும், நடுவில் கர்ர்ர் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் ஈஸ்வரியின் பல்லில் கூசும். கடைசியில் இரண்டு பலகைகளைப் பக்கத்து சீட்டில் போட்டுக்கொண்டாள். தடை வந்தால் இறங்குவாள், பலகை போடுவாள், ஏறுவாள், கடப்பாள், மறுபடி இறங்கிப் பலகையை எடுப்பாள். பின்னால் வருகிற மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ராஜபாளையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள், ஊர்ப்பட்ட பேரைக் கொன்றுவிடலாம் போல ஆகிவிடும். நிறத்தைப் பார்த்து ஸ்கூல் வேன் என்று கை காட்டிய குழந்தைகளும் உண்டு.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் அவளைத் தெரியாதவர் கிடையாது. அதனாலேயே வண்டியைப் பேர் மாற்ற எடுத்துப்போன அன்று அங்கே வந்திருந்த அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். சேஸ் நம்பரைப் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டும். அந்த நம்பர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முற்பகல் முழுவதும் போயிற்று. இன்ஜின் நம்பரைப் பார்க்க வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும், ஆனால் வண்டிக்கும் தரைக்கும் நடுவே ஒரு பூனை படுக்கலாம், ஆள் படுக்க முடியாது. காத்திருந்த நேரத்தில் நாலு பேர் அவள் காரோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எட்டுப் போட வந்த ஒரு பையன் கதவில் சாய்ந்து நின்றான். பெல்ட்டில் இருந்த பக்கிள் கோடு போட்டுவிட்டது. "துடைச்சாப் போயிரும்க்கா" என்றான். போகவில்லை.

மெக்கானிக் பால்ச்சாமியிடம் போன கதைதான் பெரிய கதை. சத்திரப்பட்டி விலக்குப் பக்கம் அவர் பட்டறை. லாரி, டிராக்டர், ஈஸ்வரியின் பயிற்சிக் கார்கள் எல்லாம் அவர்தான் பார்ப்பது. எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை, அதுதான் அவரிடம் உள்ள கோளாறு. முதல் முதலாக வண்டியைக் கொண்டுபோனபோது முன்பக்க மூடியைத் திறந்தார்.

"யக்கா, இஞ்சினக் காணோம்."

"பின்னாடி இருக்கு பால்ச்சாமி."

பின்பக்க மூடியைத் திறந்தார். "இங்கனயும் டிக்கிதான் இருக்கு."

இன்ஜின் இரண்டுக்கும் நடுவில், சீட்டுகளுக்குப் பின்னால், கார்ப்பெட்டுக்கும் ஒரு தகட்டுக்கும் அடியில் ஒளிந்துகொண்டிருந்தது. அதைக் கண்ணால் பார்க்கவே ஒரு நாள் கழற்ற வேண்டும். பால்ச்சாமி கழற்றினார். கழற்றும்போது பிளாஸ்டிக் கிளிப்புகள் ஒவ்வொன்றாக முறிந்தன. ஒவ்வொரு முறிவுக்கும், "பாத்துக்கிடலாம்க்கா" என்றார். எல்லாவற்றையும் திரும்ப மாட்டியபோது ஒரு கை நிறைய போல்ட் மிச்சம் இருந்தது.

"இது எங்க உள்ளது?"

"தெரியலக்கா. ஆனா இல்லாமலே ஓடுதுல்ல."

கார்த்திகை மாதத்தில் ஒரு வாரம் விடாமல் மழை. வண்டியை எடுக்கவில்லை. மழை விட்ட அன்று சாவியைப் போட்டால் ஒரு டிக் சத்தம்கூட இல்லை. பேட்டரி செத்துவிட்டது. பேட்டரி முன்பக்க மூடிக்குள் இருக்கிறது. அந்த மூடியைத் திறப்பது கரண்டில் வேலை செய்யும் பட்டன். கரண்டு பேட்டரியிலிருந்து வர வேண்டும். ஈஸ்வரி இதை முழுசாகப் புரிந்துகொண்டபோது வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். இப்படி ஒரு மூடியை யோசித்துப் படம் போட்டவன் யார், அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்களா, அவர்களையும் இப்படித்தான் பூட்டி வைத்திருக்கிறானா என்றெல்லாம் யோசித்தாள். பால்ச்சாமி வந்து மூடியின் இடுக்கில் திருப்புளியை விட்டு நெம்பலாம் என்றார். ஈஸ்வரி அந்தத் திருப்புளியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து, கோயம்புத்தூரில் இந்த மாதிரி வண்டிகள் பார்க்கிற ஒருவர் போனில் வழி சொன்னார். டிரைவர் காலடியில், ஃபியூஸ் பெட்டிக்குள் இழுத்தால் வெளியே வருகிற ஒரு முனை இருக்கிறதாம், அதில் வேறொரு பேட்டரியை இணைத்தால் மூடி திறக்குமாம். திறந்தது. அவர் அதோடு விடாமல், "இஞ்சின் சூட்டத் தணிக்கிற கூலன்ட் டேங்க்ல வெடிப்பு இருக்கான்னு பாத்துக்கங்க, இந்த வயசு வண்டில எல்லாம் அது போயிரும்" என்றார். பால்ச்சாமி பார்த்தார். வெடிப்பு இருந்தது. "பசை போட்டுருக்கேன், பாத்துக்கிடலாம்" என்றார்.

அந்தப் பசை ஆடி மாதம் வரை தாங்கியது.

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு முந்தின நாள் அது. மத்தியானம் கடைசி வகுப்பை முடித்துவிட்டு ஈஸ்வரி ராஜபாளையத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். வழக்கமான வழியில் பந்தல்கால் நட்டு அடைத்திருந்தார்கள். ரத வீதியைச் சுற்றிப் போகச் சொன்னார்கள். கடைக்காரர்கள் சாமான் பரப்பிக்கொண்டிருந்தார்கள், ஜனக்கூட்டம் ஆரம்பித்துவிட்டது, வண்டி எறும்பு போல ஊர்ந்தது. இந்த வண்டிக்கு ஊர்வது ஆகாது. தேர் திரும்புகிற முக்குக்கு வந்தபோது சூட்டைக் காட்டும் முள் ஏறியது. ஈஸ்வரி ஏ.சி.யை நிறுத்தினாள். முள் இன்னும் ஏறியது. பின்னாலிருந்து குப்பென்று ஆவி எழும்பி, வெந்த பாகு மாதிரி ஒரு வாடை வீதி முழுக்கப் பரவியது. வண்டி அப்படியே நின்றது. சரிவில் உருண்டுவிடக் கூடாதே என்று ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். அது பிடித்தது. அதற்கப்புறம் விடவே இல்லை. பின் சக்கரம் இரண்டும் இறுகிப் போய்விட்டன.

மறுநாள் காலையில் தேர் வந்து திரும்ப வேண்டிய முக்கில் மஞ்சளாக அது உட்கார்ந்திருந்தது.

டிராஃபிக் எஸ்.ஐ. சங்கரலிங்கம் விசில் ஊதிக்கொண்டே வந்தார். வண்டியைப் பார்த்ததும் விசிலை எடுத்துவிட்டார். அவர் மனைவிக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தது ஈஸ்வரிதான்.

"என்னக்கா இது. இன்னைக்குத்தானா."

"நானா சார் நாள் பாத்து நிறுத்துனேன்?"

இழுத்துப் போகிற வண்டி வரவழைத்தார்கள். கொக்கி மாட்ட இடமில்லை. மாட்டுகிற வளையம் தனியாக இருக்கிறது, அது முன்பக்க டிக்கியில் இருக்கிறது, எடுத்து முடுக்கியும் ஆயிற்று. இழுத்தால் பின் சக்கரங்கள் உருளாமல் ரோட்டைத் தேய்த்துக்கொண்டு கதறின. முன்பக்கம் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. ஈஸ்வரி ஓடிப் போய் நிறுத்தச் சொன்னாள். அதற்குள் நூறு பேர் கூடிவிட்டார்கள். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "தண்ணி ஊத்துங்க" என்றான் ஒருத்தன். "ஊத்தாதீங்க, வெடிச்சிரும்" என்றான் இன்னொருத்தன். ஒரு அம்மா எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

நாளைக்குத் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட வந்திருந்த ஆட்கள் தேர் நிலையில் வடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கரலிங்கம் போய் அவர்களைக் கூட்டிவந்தார். அவர்களுக்குத் தலைவர் வீரணன், கனத்த ஆள், வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார்.

"தேரையே திருப்புதோம், இது என்ன. ஆனா எங்கன பிடிக்க? எல்லாம் பிளாஸ்டிக்கால்ல இருக்கு."

சக்கர வளைவுகளுக்குள் கை கொடுத்து, அடியில் கட்டை கொடுத்து, ஒரு குரலுக்கு எல்லோரும் தூக்கினார்கள். மஞ்சள் கார் தரையை விட்டு எழும்பியது. நாலு தப்படி, இறக்கி வைத்து மூச்சு, மறுபடி நாலு தப்படி. ஒவ்வொரு தரம் இறக்கும்போதும் ஈஸ்வரி குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். இப்படியே கொண்டுபோய் ஒரு பாத்திரக் கடை பக்கத்துச் சந்துக்குள் வைத்தார்கள். கூட்டம் கை தட்டியது. வேர்வையைத் துடைத்துக்கொண்டே வீரணன் கேட்டார்: "மைலேஜ் எம்புட்டும்மா குடுக்கும்?"

"தூக்கிட்டுப் போனா பெட்ரோலே வேண்டாம்ணே" என்றாள் ஈஸ்வரி. சொன்ன தோரணையில் அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

அப்போதுதான் கூட்டத்தின் ஓரத்தில் முத்துப்பாண்டி மொபெட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். எப்போது வந்தார் என்று தெரியாது. மொபெட்டின் பின் சீட்டை ஒரு தட்டுத் தட்டினார், தூசி தட்டுகிற மாதிரி. ஈஸ்வரி ஏறி உட்கார்ந்தாள்.

"வித்துரு" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

ஈஸ்வரிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் பொங்கிவிட்டது. "வித்துருதேன். நாளைக்கே வித்துருதேன். ஆனா ஒண்ணு கேக்கேன். இம்புட்டு நாள்ல நீங்க ஒரு தடவையாச்சும் அதுல ஏறியிருக்கீகளா? ஊரே போட்டோ எடுக்கு. முக்குல நிக்கவன்லாம் உள்ள உக்காந்து பாத்துட்டான். கட்டுன புருசன் ஏற மாட்டேங்கீக. நான் என்ன திருடியா கொண்டாந்தேன்?"

முத்துப்பாண்டி சட்டையை ஆணியில் மாட்டினார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காரும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். அதை அவள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள், கவனித்ததில்லை.

"ஏறுனேம்ட்டி" என்றார்.

"எப்ப?"

"நீ கிளாசுக்குப் போயிருந்தப்ப. வாங்குன அடுத்த வாரம். ஏறி உக்காந்துட்டேன். எந்திரிக்க முடியல. முட்டி மடங்குனா மடங்குனதுதான். லடாக்குல போனது. வண்டி தரையில கெடக்கு, நான் எத ஊனி எந்திரிக்க? கதவத் தொறந்து வச்சிக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். பொறவு பால்காரன் வந்து இழுத்துவிட்டான்."

ஈஸ்வரிக்கு இன்னும் கோபம் வந்தது. "இதச் சொல்லுததுக்கு ஒரு வருசமா? வண்டி பிடிக்கலன்னுல்ல நான் நெனச்சிக்கிட்டிருந்தேன்."

"வண்டிக்கு என்ன கொற. நான் ஓட்டுனதெல்லாம் மூணு டன்னு லாரி. இந்த மாதிரி ஒண்ண ஓட்டிப் பாக்கணும்னு எனக்கு மட்டும் இல்லையா? பால்காரன்ட்ட யார்ட்டயும் சொல்லாதலன்னேன். அவன் சொல்லல. நல்ல பையன்."

"அப்ப ஏன் விக்கச் சொல்லுதீக?"

"நீ படுத பாட்டப் பாத்துத்தான்."

தேரோட்டம் முடிந்ததும் பால்ச்சாமி சந்துக்கு வந்து ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, வண்டியை வாசலுக்கு இழுத்து வந்தார். சொன்ன சொல் சொன்ன சொல்தான் என்று ஈஸ்வரி விளம்பரம் போட்டாள். அதுவும் ஒரு தொல்லையாக முடிந்தது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டவர்கள்தான் பாதிப் பேர். மாப்பிள்ளை, பெண், போட்டோகிராபர், மாப்பிள்ளைத் தோழன் எல்லோரும் இதற்குள் எப்படி உட்காருவார்கள் என்று அவர்களே அவளிடம் கேட்டார்கள். சேத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் பழைய டிராக்டர் ஒன்றைக் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். இன்னொருவர் சுத்தமான ராஜபாளையம் நாய்க்குட்டி ஒரு ஜோடி தருகிறேன், மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன் என்றார். மதுரையிலிருந்து வந்த ஒரு இளவட்டம் வண்டியைச் சுற்றி வந்து வீடியோ எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு, "யோசிச்சிச் சொல்லுதேன் ஆன்ட்டி" என்று போய்விட்டது. அந்த வீடியோவை ஊரே பார்த்தது. மறுநாளிலிருந்து இன்னும் பத்துப் போன் வந்தது, எல்லாம் மைலேஜ் கேட்டு. ஈஸ்வரி விளம்பரத்தை எடுத்துவிட்டாள். விற்பதைவிட வைத்திருப்பது தொல்லை குறைவு என்று முத்துப்பாண்டியிடம் சொன்னாள். அவர் சரி என்றார்.

புது டேங்க் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. இந்தத் தடவை ஈஸ்வரி பட்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மிச்சம் ஒரு போல்ட்கூட வரக் கூடாது என்று சொல்லி மாட்ட வைத்தாள். இரண்டு போல்ட் மிச்சம் வந்தது. அவை முன்பு மிச்சம் வந்தவையா, இப்போது வந்தவையா என்று பால்ச்சாமிக்கே தெரியவில்லை.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "திருமங்கலம் வரைக்கும் புது ரோடு போட்டிருக்கான், போய்ப் பாத்துட்டு வருவோமா" என்று ஈஸ்வரி கேட்டாள். முத்துப்பாண்டி அவளைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். வீட்டு முன்னால் வாசலுக்கு மொபெட் ஏற்றுகிற ஒடுக்கமான சிமெண்ட் சரிவு உண்டு. வண்டியின் இடது சக்கரங்களை அதன் விளிம்பில் ஏற்றி நிறுத்தினால் அந்தப் பக்கத்துக் கதவு தெருவைவிட உயரத்தில் நிற்கும். முத்துப்பாண்டி சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து, கால்களைத் தெருவிலேயே தொங்கப் போட்டு, பிறகு ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி வைத்துக்கொண்டார். எதிர்வீட்டு ஆவுடையம்மாள் கோலத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி ஈஸ்வரி, எறக்குததுக்கும் ஆள் வேணும்னாச் சொல்லு" என்றாள்.

கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் நாலு வழிச் சாலை விரிந்தது. வேகத்தடை இல்லை, ஆடு இல்லை, பலகை இல்லை. இடது பக்கம் மலை முழுசும் வெயிலில் நின்றது. ஈஸ்வரி நாலாவது கியர் போட்டாள், பிறகு ஐந்தாவது. முதுகுக்குப் பின்னால் அந்த இன்ஜின் ஒரே சுருதியில் ஏறியது. வாங்கி ஒன்றரை வருஷத்தில் இந்த வண்டி எதற்குச் செய்யப்பட்டதோ அதைச் செய்வது இதுதான் முதல் தடவை. முள் எதில் நின்றது என்று அவள் வெளியே சொல்லவில்லை, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் அதைச் சொல்ல முடியாது. "எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

திரும்பிப் பார்த்தாள். முத்துப்பாண்டி வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் லாரியில் போகப் போகத் தூங்கிப் பழகியவர். சீட்டு அவரை நாலு பக்கமும் அணைத்துப் பிடித்திருந்தது. இன்ஜின் சத்தத்துக்கு மேல் குறட்டை கேட்டது.

ஈஸ்வரிக்கு வந்த எரிச்சலில் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினாள். முன்னால் போன லாரி ஒதுங்கி வழி விட்டது. அவர் அசையவில்லை. சரி, தூங்கட்டும் என்று கல்லுப்பட்டி வரைக்கும் தனியாக ஓட்டினாள், அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

திருமங்கலத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினாள். அவர் விழித்துக்கொண்டார். "வந்தாச்சா?" என்று கண்ணைத் துடைத்தார். "நல்ல சீட்டுட்டி. முதுகு வலியே தெரியல."

"ரோட்டப் பாத்தீகளா?"

"பாத்தேன், பாத்தேன்" என்றார்.

அங்கே சரிவு எதுவும் இல்லை. இறங்க வேண்டாம் என்று முடிவு செய்து இரண்டு டீயையும் அவள் ஜன்னல் வழியாக வாங்கினாள். டீக்கடைக்காரர் பின்னாலேயே வந்து குனிந்து உள்ளே பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் முத்துப்பாண்டி, "எட்டு குடுக்கும்" என்றார். "மெதுவாப் போனா ஒம்பது." டீக்கடைக்காரர் ஐயோ பாவம் என்பது போல ஈஸ்வரியைப் பார்த்தார்.

திரும்பும்போது அழகாபுரி தாண்டி ஏதோ ஒரு சின்ன மஞ்சள் விளக்கு டாஷ்போர்டில் எரிந்தது. இதுவரை பார்க்காத விளக்கு. ஒரு சக்கரமா, ஒரு கெண்டியா, என்ன படம் அது என்று புரியவில்லை. முள்ளைப் பார்த்தாள், சூடு சரியாக இருந்தது. சத்தமும் சரியாகத்தான் இருந்தது.

"பால்ச்சாமிக்குப் போன் போடுங்க" என்றாள்.

"ஞாயித்துக்கிழம. எடுக்க மாட்டான்."

"போட்டுப் பாருங்க."

முத்துப்பாண்டி போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ஈஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு அந்த விளக்கைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், கியரை ஒன்று குறைத்தாள்.

"நாளைக்குக் காலைல மொத வேலையா அவன் பட்டறைக்குத்தான்" என்றாள். "எடுத்ததும் பாத்துக்கிடலாம்க்கான்னு சொன்னான்னா, மவனே, அங்கனயே வச்சு..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. முத்துப்பாண்டி மறுபடி கண்ணை மூடியிருந்தார்.